ஏழு வயசு ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: மாடிஃபை பண்ணி வச்சுக்கலாமா, மாத்திடலாமா?

#1 வளைவுப்பாதை

எல்லாருக்கும் வணக்கம். நாலு மாசமா மண்டைக்குள்ள ஓடுற கேள்வி. இங்கே கேட்டாத்தான் தெளிவு வரும்னு எழுதறேன்.

வண்டி 2018 சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், இசட்.சி.33.எஸ்., ஆறு கியர் மேனுவல். நான்தான் முதல் ஓனர். ஓடினது 1,12,000 கி.மீ. 1.4 லிட்டர் டர்போ, 140 பி.எஸ். சக்தி, 230 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழல்விசை). இன்னிக்கு இந்த எண்களைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கப் போறதில்ல. ஆனா வண்டியோட எடை வெறும் 970 கிலோ. மூணாவது கியர்ல 2,500 ஆர்.பி.எம்.ல மிதிச்சா அந்த எடைக்கு என்ன அர்த்தம்னு புரியும்.

போன ஒரு வருஷமா பழைய சந்தோஷம் இல்ல. வண்டி தளர்ந்து போன மாதிரி இருக்கு. அதோட வீட்டுல ரெண்டாவது குழந்தையும் வந்தாச்சு.

இப்போ மூணு வழி யோசிச்சு வச்சிருக்கேன்:

ஒண்ணு, இதையே வச்சுக்கிட்டு ஈ.சி.யூ. ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரை மாத்தி எழுதி சக்தி கூட்டறது), காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங், ஷாக் செட்), எக்ஸாஸ்ட், முன்னாடி பெரிய பிரேக் கிட். கூட்டிப் பார்த்தா வண்டியை இன்னிக்கு வித்தா கிடைக்கிற தொகையில பாதியைத் தொடுது.

ரெண்டு, கொஞ்சம் ஓடின ஹூண்டாய் ஐ20 என்.

மூணு, ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜி.டி.ஐ. வயசான வண்டிதான், ஆனா இடம் அதிகம், சத்தம் கம்மி.

தினமும் 40 கி.மீ. ஓட்டம், மாசம் ரெண்டு தடவை மலைப்பாதை. டிராக் பக்கம் போறதில்ல. என்ன சொல்றீங்க?


#2 மூன்றாம்கியர்

ப்ரோ, யோசிக்கவே வேண்டாம், ரீமேப் போடுங்க. இதே எஞ்சின், இதே வண்டி, ரெண்டு வருஷம் முன்னாடி நான் போட்டேன். 230 நியூட்டன் மீட்டர் இருந்தது 270 பக்கம் வந்துச்சு. நாலாவது கியர்ல ஓவர்டேக் பண்ணும்போது கியர் இறக்கவே தேவையில்ல.

ஒரு கணக்கு சொல்றேன். நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்.மால பெருக்கி 7,024ஆல வகுத்தா பி.எஸ். கிடைக்கும். 3,500 ஆர்.பி.எம்.ல 230ன்னா 115 பி.எஸ்., 270ன்னா 134. ரோட்டுல நாம ஓட்டுற இடத்துலயே கிட்டத்தட்ட 20 பி.எஸ். கூடுது. உச்சத்துல என்ன வருதுங்கிறதை விட்டுடுங்க, அங்கே யாரும் தினம் போறதில்ல.

மறைக்காம சொல்லிடறேன், எட்டாவது மாசம் கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சுது. அப்போ என் வண்டி 90,000 ஓடியிருந்துச்சு. கியர்பாக்ஸ் இறக்கி கிளட்ச் மாத்த ஆன செலவு ரீமேப் செலவை விட அதிகம். அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க. ஆனா மறுபடி கேட்டாலும் போடுவேன்.


#3 பழையகியர்

தம்பி, நோய் என்னன்னு சொல்லாமலே மருந்துப் பட்டியல் எழுதி வந்திருக்கீங்க. "தளர்ந்து போன மாதிரி" என்றால் எங்கே? ஸ்டியரிங்கிலா, பின்பக்கமா, பிரேக்கிலா? எந்த வேகத்தில், எந்த மாதிரி ரோட்டில்?

இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்:

ஷாக் அப்சார்பர் எப்போதாவது மாற்றியதா?

டயர் என்ன வயது? பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? மேலே ஊற்றி நிரப்பியதைக் கேட்கவில்லை. முழுதாக வடித்து மாற்றியது எப்போது?

லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கையின் ரப்பர்), எஞ்சின் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) யாராவது பார்த்தார்களா?

ஒரு லட்சம் கிலோமீட்டரில் ரப்பர் எல்லாம் செத்திருக்கும். அது ஒரே நாளில் சாவதில்லை, தினமும் துளித்துளியாகப் போகும். ஓட்டுபவருக்குத் தெரியாது, கையும் காலும் பழகிவிடும். அதே மாடலில் 15,000 ஓடிய வண்டி ஒன்றை அரைமணி நேரம் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.


#4 வளைவுப்பாதை

அண்ணே, நீங்க கேட்டதும்தான் உட்கார்ந்து யோசிச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு தனியா ஓட்டிட்டு வந்தேன். குறைன்னு எழுதினது இவ்வளவுதான்:

வளைவுல திரும்பிட்டிருக்கும்போது நடுவுல ஒரு மேடு பள்ளம் வந்தா பின்பக்கம் ஒரு எட்டு நகருது. அப்புறம் ரெண்டு தடவை ஆடித்தான் அடங்குது.

மலையில இருந்து இறங்கும்போது பாதி வழியில பிரேக் பெடல் ஆழமா போகுது. அடியில வந்து ரெண்டாவது தடவை மிதிச்சா திரும்ப வருது.

ரெண்டாவது கியர் ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு) முடிஞ்சு மிதிக்கும்போது உள்பக்க முன் டயர் சுத்துது, வண்டி போகமாட்டேங்குது.

100ல போகும்போது சத்தம். பேசணும்னா குரலை உயர்த்தணும்.

ஷாக் ஃபேக்டரியில வந்ததுதான். டயர்ல 2219ன்னு இருக்கு, அப்போ 2019ல 22ஆவது வாரம். பட்டன் இன்னும் இருக்குன்னு விட்டுட்டேன். பிரேக் ஆயில் பில்லை எல்லாம் தேடினேன், ஒரு தடவைகூட மாத்தினதா எங்கேயும் எழுதல. புஷ் யாரும் பார்க்கல.


#5 பழையகியர்

இப்போதுதான் பேச முடியும். ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும்.

பிரேக்கை முதலில் எடுக்கிறேன், அதில் உயிர் இருக்கிறது. மிதித்தால் பெடல் கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடாகி பிடியை விட்டுவிட்டது. பெடலே ஆழமாகப் போனால் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது. உங்களுடையது இரண்டாவது வகை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஆனால் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். உங்கள் ஆயிலுக்கு ஏழு வயது. இதோடு மலை இறங்காதீர்கள், இந்த வாரமே மாற்றுங்கள். பெரிய பிரேக் கிட் போட்டிருந்தாலும் அதே பழைய ஆயிலைத்தானே அதில் விட்டிருப்பார்கள்? டாட் 5.1 கிடைத்தால் போடுங்கள், அதில் இதே இரண்டு அளவும் 260, 180 டிகிரி. டாட் 5 வேறு, அது சிலிகான், அதைத் தொடவே கூடாது. மாற்றின பிறகும் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்பக்கம் நகர்வது ஷாக். ஸ்பிரிங்கை அமுக்கிய மேடு போன பிறகும் அது துள்ளிக்கொண்டே இருக்கிறது, பிடித்து நிறுத்த ஆளில்லை. அந்த நொடியில் டயர் ரோட்டின் மேல் லேசாகத்தான் உட்கார்ந்திருக்கும். டிக்கியை அமுக்கிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கைக்குக் கிடைக்கும் வேகம் வேறு, ரோடு கொடுக்கும் வேகம் வேறு.

காயில்ஓவர் பற்றி. நீங்கள் போடுவதானால் இறக்கத்தான் போடுவீர்கள். முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலே பிடித்து நிற்கும் அமைப்பு) உள்ள வண்டியை 40, 50 மில்லிமீட்டர் இறக்கினால் லோயர் ஆர்ம் சாய்ந்துவிடும். வண்டியின் கனமையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வேகமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால் வண்டி வளைவில் சாயத் துடிப்பது அதிகமாகும். அதை மறைக்க இன்னும் கெட்டி ஸ்பிரிங், அப்புறம் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் எல்லையில் இருக்கும் தடுப்பு ரப்பர்) முட்டல். பார்க்க அழகாக இருக்கும், மலைப்பாதையில் பழைய வண்டியே வேகமாகப் போகும். இறக்கியே ஆக வேண்டும் என்றால் 20, 25க்கு மேல் போகாதீர்கள்.

உள் டயர் சுற்றுவதில் பாதிக் குற்றம் ஆறு வருடத்து ரப்பர். மீதி, ஓப்பன் டிஃபரன்ஷியல் (விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் சாதாரண கியர்). எடை இல்லாத சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு விசைதான் மறுபக்கத்துக்கும் போகும். ரீமேப் போட்டால் இந்தக் குறை கூடும், குறையாது. இப்போது உள்ளதையே அந்த டயர் இறக்க முடியாமல் சுற்றுகிறது.

சத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. அது அந்த வண்டியின் பிறவிக்குணம். 970 கிலோ எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?


#6 பின்சீட்

சகோதரரே, நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன்.

நானும் சின்ன ஹாட் ஹேட்ச் (இதே மாதிரி சின்ன வேக வண்டி) வைத்திருந்தேன். மூன்று வருடம் ஒவ்வொன்றாகப் போட்டேன். விற்கும்போது போட்ட பொருளுக்கு ஒரு மதிப்பும் வரவில்லை. மாடிஃபை பண்ணிய வண்டி என்றதுமே பாதிப் பேர் திரும்பிப் போனார்கள், மீதிப் பேர் விலையைக் குறைத்தார்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை வைத்திருந்தேன், அவைதான் காப்பாற்றின.

இன்னொன்று. எங்கள் நண்பர் ஒருவர் ரீமேப் போட்டதைக் காப்பீட்டில் தெரிவிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள். எஞ்சின் சக்தி, சஸ்பென்ஷன், பிரேக் எதை மாற்றினாலும் முதலில் எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

இதையெல்லாம் விடுங்கள். பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டை இந்த வண்டியில் வைத்தால் முன்சீட்டில் இருப்பவர் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்குமா இல்லையா? பக்கத்தில் மூத்த குழந்தையின் சீட். டிக்கி 265 லிட்டர், அதில் ஸ்ட்ரோலரை வைத்தால் பை வைக்க இடமில்லை. மாதம் இரண்டு முறை வரும் மலைப்பாதைக்காக மீதி இருபத்தெட்டு நாள் வீட்டில் உள்ளவர்கள் அசௌகரியப்பட வேண்டுமா? முடிவு எடுக்கும்போது அவர்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். எனக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானாக உணர இரண்டு வருடம் ஆனது.


#7 எடைக்கணக்கு

எண்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, 1976 கோல்ஃப் ஜி.டி.ஐ.: 110 பி.எஸ்., 810 கிலோ. டன்னுக்கு 136 பி.எஸ்.
உங்கள் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: 140 பி.எஸ்., 970 கிலோ. டன்னுக்கு 144.
ஐ20 என்: 204 பி.எஸ்., 1,190 கிலோ. டன்னுக்கு 171.

எடை எண்ணை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சொல்லும் எடையில் ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்ந்திருக்கும், உங்கள் 970 ஜப்பானியக் கணக்கு, அதில் ஆள் இல்லை. எந்தப் பட்டியலில் எந்தக் கணக்கு என்று பார்க்காமல் கழித்தால் தப்பாகும்.

நேர்ரோட்டில் ஐ20 என் உங்களைத் தாண்டிவிடும், சந்தேகமே இல்லை. அதில் மெக்கானிக்கல் எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) ஃபேக்டரியிலேயே வருகிறது, உங்கள் ஹேர்பின் குறை அங்கே இருக்காது. 275 நியூட்டன் மீட்டர், உத்தரவாதத்தோடு. நீங்கள் ரீமேப் போட்டு எட்ட நினைக்கும் இடம் அதுதான்.

ஆனால் 200 கிலோ வித்தியாசம் டயர் தேய்மானத்தில், பிரேக் சூட்டில், திசை மாறும்போது கையில் வரும் உணர்வில் தெரியும். ஏழாம் தலைமுறை ஜி.டி.ஐ. 1,300 கிலோவைத் தாண்டும். நல்ல வண்டி, ஆனால் அது வேறு வகை வண்டி. மின்சாரத்துக்குப் போனால் ஆல்பைன் ஏ290 இருக்கிறது, 220 பி.எஸ்., எடை 1,479 கிலோ.

இந்த வகை வண்டி அருகி வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஃபோர்ட் ஃபியஸ்டா உற்பத்தி 2023 ஜூலையில் நின்றது, அதன் வேக வகையான எஸ்.டி.யும் அதோடு போனது. ஐ20 என் 2024இல் ஐரோப்பிய விற்பனையை விட்டுப் போனது. உமிழ்வு வரம்பு இறுகும்போது குறைந்த எண்ணிக்கையில் விற்கும் சின்ன வேக வண்டிதான் முதலில் அடிபடுகிறது. ஒரு டன்னுக்குக் கீழே, டர்போ, மேனுவல், நாலு கதவு. இதை இன்று விற்றால் நாளை இதே மாதிரி புதிதாகத் தேடினால் கிடைக்காது. நான் என் பழைய வண்டியை விற்று ஐந்து வருடம் ஆகிறது, இன்னும் விளம்பரப் பக்கங்களில் அதே நிறத்தைத் தேடுகிறேன்.


#8 மூன்றாம்கியர்

பழையகியர் அண்ணே சொன்ன டயர், ஆயில் விஷயத்துல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா ரீமேப் வேணாம்ங்கிறது சரியில்ல. நல்ல டயரும் எல்.எஸ்.டி.யும் போட்டுட்டா அந்த 270ஐ இறக்க முடியும்ல? ஓவர்டேக்குக்குத் தேவைப்படுற விசை ஒரு பாதுகாப்பும்தானே?


#9 பழையகியர்

முடியும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிசை தப்பு என்கிறேன்.

உங்கள் கிளட்சைப் பாருங்கள். கிளட்ச் தாங்குவது நியூட்டன் மீட்டரை, பி.எஸ்.ஸை அல்ல. நடு ஆர்.பி.எம்.மில் விசையைக் கூட்டும் ரீமேப்தான் ஓட்ட இன்பமானது, அதேதான் கிளட்சைத் தின்பதும். போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை: காலியான நேர்ரோட்டில் ஆறாவது கியர், 2,000 ஆர்.பி.எம்., முழுசாக மிதி. வேகம் ஏறாமல் முள் மட்டும் எகிறினால் கிளட்ச் முடிந்தது.

அடுத்து, டைரக்ட் இன்ஜெக்ஷன் (எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீச்சும்) சின்ன டர்போக்களில் குறைந்த ஆர்.பி.எம்.மில் முழு பாரம் ஏற்றினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டன் உடைந்து வெளியே வந்ததைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். 2018இல் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ், 2020இல் எஸ்.பி. என்று எஞ்சின் ஆயில் தரம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். டப்பாவில் எஸ்.பி. என்று இருக்கிறதா பாருங்கள். ஆறாவது கியரில் 1,500இல் போட்டு மிதிக்காதீர்கள், மேலே சொன்ன கிளட்ச் சோதனைகூட ஒரு முறை, சில நொடி, அவ்வளவுதான்.

சூடான நாளில் தொடர்ந்து நாலு முறை முழுசாக மிதித்தால் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடேறி, ஈ.சி.யூ. ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய 20 பி.எஸ். அப்போது இருக்காது.


#10 எடைக்கணக்கு

டயர் வாங்கும்போது ஒரு யோசனை. உங்கள் அளவு 195/45 ஆர்17. 195/50 ஆர்16க்கு இறங்கினால் சக்கரத்தின் விட்டம் ஒரு சதவீதம்தான் குறையும், ஸ்பீடோ பெரிதாக மாறாது. பக்கச்சுவர் பத்து மில்லிமீட்டர் கூடும், பள்ளத்தில் ரிம் அடிபடாது. இலகுவான 16 ரிம் கிடைத்தால் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடையும் இறங்கும். பிரேக் காலிபருக்கு இடம் இருக்கிறதா என்று ரிம்மை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.


#11 வளைவுப்பாதை

மூணு மாசம் கழிச்சு வரேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணையும் பலதடவை படிச்சேன்.

முதல்ல செஞ்சது: பிரேக் ஆயில் டாட் 5.1, கொஞ்சம் சூடு தாங்கற பேட். டிஸ்க் தடிமன் போதுமான அளவு இருந்ததால மாத்தல. வடிச்சப்போ வந்த ஆயில் டீ டிகாக்ஷன் நிறத்துல இருந்துச்சு. அடுத்த வாரம் அதே இறக்கத்துல பெடல் மேலேயே நின்னுது, கடைசி வளைவு வரைக்கும்.

அப்புறம் நாலு ஷாக், ஃபேக்டரி உயரத்துக்கே கொஞ்சம் கெட்டியான வகை. கழட்டினப்போ பின் இடதுபக்க ஷாக் முழுக்க எண்ணெய்க் கசிவு, கையால அமுக்கினா திரும்பி வரவே இல்ல. லோயர் ஆர்ம் புஷ் ரெண்டும் கிழிஞ்சிருந்துச்சு. எஞ்சின் மவுண்டிங் ஒண்ணு. டயர் நாலும் புதுசு, 17லயே இருந்துட்டேன், 16 ரிம் தேடினேன், மனசுக்குப் பிடிச்சது கிடைக்கல.

முதல் பட்டியல்ல கூட்டின தொகையில மூணுல ஒரு பங்குகூட ஆகல.

வித்தியாசத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பழைய இடம், பழைய வளைவு, நடுவுல அதே பள்ளம். பின்பக்கம் ஒரு தடவை இறங்கி ஏறி நின்னுடுச்சு. வண்டியை ஓரங்கட்டி அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏழு வருஷம் முன்னாடி டெலிவரி எடுத்த அன்னிக்கு இருந்த வண்டி இது. இதைத் தூக்கிப் போடத்தான் யோசிச்சிருக்கேன்.

ஐ20 என் ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். ஹேர்பின்ல அந்த எல்.எஸ்.டி. இழுக்கிற இழுப்பு அருமை, எடைக்கணக்கு சொன்னது உண்மை. வேகத்துல நம்ம வண்டிக்கு ரெண்டு படி மேல. ஆனா அதோட சுகம் 90க்கு மேலதான் ஆரம்பிக்குது, என்னோடது 50லயே ஆரம்பிச்சிடுது. சத்தத்திலயும் குலுக்கல்லயும் வீட்டுக்காரங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. குழந்தை சீட்டுக்கு இடம் கொஞ்சம்தான் கூடுது. அப்போ ரெண்டாவது வழி போச்சு.

பின்சீட் அக்கா சொன்னதை மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன். ரெண்டு சீட்டையும் பின்னாடி மாட்டி, ஸ்ட்ரோலரை டிக்கியில வச்சு, நாலு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். முன்சீட்டை நல்லா முன்னாடி தள்ளினாத்தான் பின்னோக்கி சீட் உட்காருது. "தினம் போக இது போதும், வெளியூருக்கு இது முடியாது"ன்னு சொன்னாங்க. அது நியாயம். அதனால முடிவு இப்படி: இந்த வண்டி இருக்கும். மாடிஃபிகேஷனுக்கு ஒதுக்கின பணத்துல மிச்சத்தோட இன்னும் கொஞ்சம் சேர்த்து, குடும்பத்துக்குன்னு பழைய எஸ்டேட் (பின்னாடி நீளமான டிக்கி உள்ள கார்) ஒண்ணு பார்க்கிறோம். வேகம் வேண்டாம், டிக்கி வேணும். கோல்ஃப் ரெண்டு வேலையையும் பாதிப் பாதி செஞ்சிருக்கும், எங்களுக்கு அது ஒத்துவரல.

ரீமேப் இப்போ இல்ல. கிளட்ச் சோதனை பண்ணிப் பார்த்தேன், இன்னும் பிடிக்குது.


#12 பின்சீட்

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தீர்கள் என்பதே எனக்கு நிறைவு. ஆனாலும் இரண்டு வண்டி என்றால் இரண்டு காப்பீடு, இரண்டு சர்வீஸ், நிறுத்த இரண்டு இடம். ஒரு வருடம் ஒவ்வொரு செலவையும் எழுதி வையுங்கள். நான் இன்னும் ஒரே வண்டிதான் சரி என்றே நினைக்கிறேன்.


#13 பழையகியர்

தம்பி, கிளட்ச் எப்படியும் ஒரு நாள் போகும். கியர்பாக்ஸை இறக்கும் அந்த நாளிலேயே எல்.எஸ்.டி. போடுங்கள், இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். கியர்களாலேயே வேலை செய்யும் ஹெலிக்கல் வகை போதும், சத்தமில்லை, தனி பராமரிப்பு இல்லை. உள் சக்கரம் முழுதாகத் தரையை விட்டுத் தூக்கினால் மட்டும் அது கைவிடும். ரோட்டில் முன்சக்கரத்தை அப்படித் தூக்குகிற அளவுக்கு யாரும் ஓட்டக் கூடாது. அதற்கும் பிறகு 270 வேண்டுமா என்று மூன்றாம்கியரோடு பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. புஷ் மாற்றியபோது லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினார்களா, சக்கரம் தரையில் நின்ற பிறகா? தொங்கும்போது முறுக்கியிருந்தால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் மறுபடி கிழியும்.


#14 வளைவுப்பாதை

அண்ணே, மெக்கானிக்கிட்ட கேட்டேன். தொங்கும்போதுதான் முறுக்கினாராம். சனிக்கிழமை காலையில வரச் சொல்லியிருக்கார். நாலு சக்கரமும் தரையில நிக்க வச்சு, தளர்த்தி, மறுபடி டார்க் ரென்ச்ல முறுக்கிட்டு, அலைன்மெண்ட்டும் திரும்பப் பார்த்துடறோம். ரீடிங்கை இங்கேயே போடறேன்.